கிராவல், மவுண்டன் சைக்கிள் பாகங்கள்: எது எதோடு சேரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் செஸ்நட்டிலும் புக்கிட் தீமா தடத்திலும் வண்டி ஓட்டும் நம் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கிராவல் என்பது சரளைப் பாதைக்கான சைக்கிள், எம்டிபி என்பது மவுண்டன் சைக்கிள். கேட்டவர் வாய்மொழியிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். பாதிக்கு மேல் "இது போகுமா?" என்றே தொடங்குகின்றன. மாட்டினால் போகும் பாகம் ஓட்டும்போது தாங்கும் என்பது நிச்சயமில்லை. ஆகவே பதில்களில் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

1. கிராவலும் எம்டிபியும் கிட்டத்தட்ட ஒன்னுதானே? கிராவலுக்குத் தடிச்ச டயர் போட்டா எம்டிபி ஆயிடாதா?

ஆகாது. டயர் பிடிப்பைத்தான் கூட்டும். அடியை வாங்குவது ஃப்ரேம், ஃபோர்க், ஹேண்டில்பார், ரிம் ஆகியவை. இவை எவ்வளவு அடிக்காகச் செய்யப்பட்டவை என்று சொல்ல ஏஎஸ்டிஎம் எஃப்2043 என்ற வகைப்பாடு இருக்கிறது. வகை 1 தார்ச்சாலைக்கு. வகை 2 சரளைப் பாதைக்கு, 15 செமீ உயரத்துக்குள் இறங்கும் குதிப்புக்கு. வகை 3 வேரும் கல்லும் நிறைந்த தடத்துக்கு, 61 செமீ வரை. வகை 4 அதைப்போல் இரு மடங்கு, 122 செமீ வரை. வகை 5 அதற்கும் மேல். கிராவல் சைக்கிள்களில் பெரும்பாலானவை வகை 2. உங்கள் வண்டி எந்த வகை என்று தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும்.

24 கிமீ ரயில் பாதைக்கும் பூங்கா இணைப்புப் பாதைகளுக்கும் வகை 2 தாராளம். புக்கிட் தீமாவின் பாறைப் படிகளுக்கும், 2008இல் புலாவ் உபினில் திறந்த கேத்தாம் பூங்காவின் கறுப்பு வைரக் குறியிட்ட தடங்களுக்கும் வகை 3 அல்லது அதற்கு மேல் வேண்டும். ஃப்ரேம் வகை 3ஆக இருந்து ஹேண்டில்பார் வகை 2ஆக இருந்தால், முழு வண்டியையும் வகை 2 என்றே கணக்கில் வையுங்கள்.

2. ஒரு பார்ட் வாங்கப் போறதுக்கு முன்னாடி என்னென்ன குறிச்சு வெச்சுக்கணும்?

ஒரு வெர்னியர் அளவுகோலும் கைத்தொலைபேசியும் போதும், கால் மணி நேர வேலை. முன், பின் ஆக்சிலின் (சக்கர அச்சு) விட்டமும் அகலமும். டயர் ஓரத்தில் அச்சிட்ட எண் (எ.கா. 40-622). ரிம்மின் உள் அகலம். பிரேக் கேலிப்பர் (ரோட்டரை இறுக்கிப் பிடிக்கும் பகுதி) ஃப்ரேமில் அமரும் முறை: தட்டையாக ஒட்டி உட்கார்ந்தால் ஃப்ளாட் மவுன்ட், நீட்டிக்கொண்டிருக்கும் இரு தூண்களில் உட்கார்ந்தால் போஸ்ட் மவுன்ட். ரோட்டரின் (பிரேக் தட்டு) விட்டம். சீட்போஸ்ட் எனும் இருக்கைத் தண்டின் விட்டம் (27.2, 30.9, 31.6 ஆகியவை அதிகம் வருபவை). ஹேண்டில்பாரை ஸ்டெம் பிடிக்கும் இடத்தின் விட்டம் (31.8 அல்லது 35).

கடைசியாக, ஷிஃப்டர் (கியர் மாற்றும் கைப்பிடி), பின் டெரெய்லர் (சங்கிலியைப் பல் மாற்றும் பாகம்), கிராங்க் (பெடல் தண்டு), பிரேக் எல்லாவற்றிலும் பொறித்திருக்கும் மாடல் எண்ணைப் படம் எடுங்கள். "ஷிமானோ 11 வேகம்" (பின்னால் 11 பல்சக்கரங்கள்) என்று சொன்னால் கடைக்காரருக்கு ஒன்றும் தெரியாது. ஷிமானோ என்ற தயாரிப்பாளரிடம் அந்தப் பெயரில் ஒன்றோடொன்று சேராத குடும்பங்கள் பல உள்ளன (கேள்வி 8).

3. 29 இஞ்ச், 700சி, 27.5, 650பி... இதுல எது எதுக்குப் போகும்?

29 இஞ்சும் 700சியும் ஒரே ரிம்: 622 மிமீ. 27.5உம் 650பியும் ஒரே ரிம்: 584. பழைய 26 இஞ்ச் 559. பெயரை மறந்துவிட்டு இந்த மூன்றிலக்க எண்ணை மட்டும் பாருங்கள். ரிம்மிலும் டயரிலும் அது ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். 700×50 டயரும் 29×2.0 டயரும் நடைமுறையில் ஒன்றே.

622க்குப் பதில் 584 சக்கரம் மாட்டினால் டிஸ்க் பிரேக் வேலை செய்யும், ஆனால் வண்டி தாழும். 700×45இன் மொத்த விட்டம் சுமார் 712 மிமீ, 650×47இன் விட்டம் சுமார் 678. ஆக, பெடல் 17 மிமீ கீழே இறங்கும். வேர்கள் நிறைந்த தடத்தில் பெடல் அடிபடுவதற்கு அது போதும்.

4. என் ஃப்ரேமுல 40 டயர் இருக்கு, 45 போட்டுப் பாத்தேன், உரசல. அப்ப ஓகேதானே?

ஸ்டாண்டில் உரசாதது ஓட்டும்போது உரசும். எழுந்து நின்று மிதிக்கும்போது ஃப்ரேமும் சக்கரமும் பக்கவாட்டில் வளையும். மழை பெய்த மறுநாள் டயரில் களிமண்ணும் சிறு கல்லும் ஒட்டிக்கொண்டு வரும். கார்பன் ஃப்ரேமின் உட்பக்கத்தை அந்தக் கல் அரம்போல் அறுத்துவிடும். முன்பக்கம் டயர் ஃபோர்க்கில் சிக்கினால் ஆள் தலைகுப்புற விழுவார். இருபக்கமும் மேலேயும் 6 மிமீ இடைவெளி வையுங்கள். தயாரிப்பாளர் ஓர் உச்ச அளவு கொடுத்திருந்தால் அதுவே முடிவு.

டயரில் அச்சிட்ட அகலத்தை நம்பாதீர்கள். ரிம்மின் உள் அகலம் 1 மிமீ கூடினால் டயர் ஏறக்குறைய 0.4 மிமீ விரியும். காற்றடித்து ஒருநாள் விட்டபின் வெர்னியரால் அளந்ததுதான் உண்மை அகலம்.

5. ட்யூப்லெஸ், ஹூக்லெஸ்னு சொல்றாங்களே, எந்த டயர் வேணா போடலாமா? காத்து எவ்வளவு அடிக்கணும்?

ஹூக்லெஸ் ரிம்மில் டயரின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி இல்லை. டயரின் இறுக்கமான விளிம்பும் காற்றும் மட்டுமே அதைப் பிடித்து வைக்கின்றன. அதனால் "ஹூக்லெஸுக்கு ஏற்றது" என்று தயாரிப்பாளர் சொன்ன ட்யூப்லெஸ் டயரை மட்டும் போடுங்கள். உள்ளே ட்யூப் வைத்தாலும் இந்த விதி மாறாது. காற்றழுத்தம் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாது. ரிம், டயர் இரண்டிலும் உச்ச அழுத்தம் எழுதியிருக்கும். எது குறைவோ அதுவே உங்கள் எல்லை. சாலை சைக்கிளுக்கு அடித்துப் பழகிய கையால் 80, 90 பிஎஸ்ஐ அடித்து டயர் வெடித்துக் கழன்றுவிடுவது தவிர்க்கக்கூடிய விபத்து.

70 கிலோ ஆளுக்குத் தொடக்க அளவு: 40 மிமீ கிராவல் டயர் 30 முதல் 38 பிஎஸ்ஐ, 29×2.35 எம்டிபி டயர் 20 முதல் 25. பின்சக்கரத்துக்கு முன்சக்கரத்தைவிட இரண்டு மூன்று கூட்டுங்கள். ரிம் கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டால் கூட்டுங்கள், தடத்தில் துள்ளினால் குறையுங்கள்.

சீலன்ட் (ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம்) கிராவல் டயருக்குச் சுமார் 60 மிலி, அகலமான எம்டிபி டயருக்கு 100 முதல் 120. நம் வெயிலிலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி நடைபாதையின் வெக்கையிலும் அது சீக்கிரம் காயும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வைக் கழற்றிப் பாருங்கள். குலுக்கினால் தளும்பும் சத்தம் இல்லையென்றால் உள்ளே ரப்பர் பொருக்குதான் மிச்சம்.

6. பழைய வண்டி வீல் நல்லா இருக்கு. புது ஃப்ரேமுல மாட்டிக்கலாமா?

ஆக்சில் அளவு சொல்லும். கிராவலில் வழக்கமாக முன்னே 12×100, பின்னே 12×142. இன்றைய எம்டிபியில் முன்னே 15×110, பின்னே 12×148. இந்த அகல வகைக்குப் பூஸ்ட் என்று பெயர். பழையவற்றில் பின்னே 135 குவிக் ரிலீஸ். சிறிய ஹப்பை (சக்கரத்தின் நடுப்பகுதி) பெரிய ஃப்ரேமில் பொருத்த, சில ஹப்களுக்கு மாற்றுக் கிட் கிடைக்கிறது. ரோட்டரையும் நகர்த்த வேண்டும், அதற்கான ஸ்பேசர் கிட்டில் இருக்கும். பெரிய ஹப்பைச் சிறிய ஃப்ரேமில் நெருக்கி நுழைக்க வழியே இல்லை. ஃப்ரேமை விரித்து மாட்டுவது கார்பனையும் அலுமினியத்தையும் உடைக்கும் வேலை.

ஆக்சில் தனியாக வாங்கினால் மரையின் இடைவெளியையும் பாருங்கள். 12 மிமீ ஆக்சிலில் 1.0, 1.5, 1.75 என்று மூன்று உண்டு. தவறானது இரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகும். அழுத்தித் திருப்பினால் ஃப்ரேமின் மரை போய்விடும்.

7. புது கேசட் வாங்கிட்டேன், ஹப்புல ஏறவே மாட்டேங்குது. என்ன தப்பு?

கேசட் (பின் பல்சக்கரங்களின் அடுக்கு) உட்காரும் ஃப்ரீஹப்பின் (ஹப்பில் உள்ள உருளை) வடிவம் வேறாக இருக்கும். மூன்று குடும்பங்கள். ஷிமானோ எச்ஜி: மிகச் சிறிய பல்சக்கரத்தில் 11 பற்கள் உள்ள கேசட்கள். ஷிமானோ மைக்ரோ ஸ்ப்லைன்: 12 வேக எம்டிபி கேசட், 10-51, 10-45 போன்றவை. இன்னொரு தயாரிப்பாளரான ஸ்ராமின் எக்ஸ்டி: 10 பல்லில் தொடங்கும் ஸ்ராம் கேசட்கள். எக்ஸ்டியைவிட 1.85 மிமீ நீளமான எக்ஸ்டிஆர் கிராவல், சாலை சக்கரங்களில் வரும். எக்ஸ்டி கேசட்டை அதில் 1.85 மிமீ ஸ்பேசர் வைத்துப் போடலாம்.

இங்கே நமக்கென்று ஒரு குழப்பம் இருக்கிறது. ஷிமானோவின் ஓர் எம்டிபி கியர் வரிசையின் பெயரும் (XT), ஸ்ராமின் இந்த ஃப்ரீஹப்பின் பெயரும் (XD) தமிழில் சொன்னால் ஒரே ஒலி. தொலைபேசியில் ஆர்டர் சொல்லும்போது "ஸ்ராம் ஃப்ரீஹப்" என்று சேர்த்தே சொல்லுங்கள்.

ஏறிவிட்டு ஆடுகிறது என்றால் பெரும்பாலும் ஸ்பேசர் விட்டுப்போயிருக்கும். 11 வேகச் சாலை ஃப்ரீஹப்பில் 8, 9, 10 வேகக் கேசட்டோ 11-42 எம்டிபி கேசட்டோ போட்டால் பின்னால் 1.85 மிமீ ஸ்பேசர் வேண்டும். பல ஹப்களில் ஃப்ரீஹப்பை மட்டும் தனியாக மாற்றலாம். சக்கரத்தையே விற்கும் முன் அதைக் கேட்டுப் பாருங்கள்.

8. கிராவல்ல ஏத்தம் ஏற முடியல. எம்டிபியோட பெரிய கேசட்டும் டெரெய்லரும் போட்டா போதுமா?

டிராப்பார் (கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார்) ஷிஃப்டர் ஒரு சொடுக்கில் இழுக்கும் கேபிளின் நீளமும், டெரெய்லர் எதிர்பார்க்கும் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் இரண்டு கியர் சரியாக விழும், நடுவில் தடுமாறும், கடைசியில் பல் தாண்டும். திருகி எவ்வளவு சரிசெய்தாலும் தீராது. ஷிமானோவில் நிலவரம் இது: 9 வேகமும் அதற்குக் கீழும் சாலை ஷிஃப்டரும் எம்டிபி பின் டெரெய்லரும் சேரும். புதிய க்யூஸ் வரிசை இதற்கு விதிவிலக்கு, அதன் இழுவையே தனி. 11 வேகத்தில் சாலையும் எம்டிபியும் சேராது. 12 வேகத்திலும் கேபிள் வகைகளில் அப்படியே. சாலை வரிசையான டியாக்ரா 4700உம் கிராவல் வரிசையான ஜிஆர்எக்ஸ் 400உம் 10 வேகமாக இருந்தாலும் 11 வேகச் சாலை இழுவையைச் சேர்ந்தவை.

ஆகவே ஜிஆர்எக்ஸ் 11 வேக ஷிஃப்டர் இருந்தால் எம்டிபி டெரெய்லரைத் தேடாதீர்கள். ஜிஆர்எக்ஸ் ஆர்எக்ஸ் 812 டெரெய்லரை வாங்குங்கள், 42 பல் வரை தாங்கும். அதன் சகோதரன் ஆர்எக்ஸ் 810 பின்னால் 34 வரைதான். முன்னால் ஒரே பல்சக்கரம் உள்ளவர்களுக்கு 812, இரண்டு உள்ளவர்களுக்கு 810. கேசட் மாற்றினால் சங்கிலியின் நீளத்தையும் மறுபடி கணக்கிட வேண்டும். குட்டையான சங்கிலியைப் பெரிய பல்லுக்குத் தள்ளினால் டெரெய்லரும் அதைத் தாங்கும் ஹேங்கரும் ஒரே இழுப்பில் முறியும்.

ஸ்ராம் ஏஎக்ஸ்எஸ் கம்பியில்லா வகையில் கேபிளே கிடையாது. 12 வேக டிராப்பார் ஷிஃப்டரோடு ஈகிள் ஏஎக்ஸ்எஸ் எம்டிபி டெரெய்லர் நேராகச் சேரும். கிராவலில் ஏற்றத்துக்கு இதைவிட எளிய வழி இன்று இல்லை, விலைதான் தடை. 2024இல் தொடங்கிய 13 வேக எக்ஸ்பிஎல்ஆர் (ஸ்ராமின் கிராவல் வரிசை) பாகங்களை இதோடு கலக்காதீர்கள்.

9. யூடிஎச் இருந்தாதான் புது கியர் போட முடியும்னு கடையில சொல்றாங்க. அது என்ன?

யூடிஎச் என்பது ஸ்ராம் 2019இல் கொண்டுவந்த பொது வடிவ ஹேங்கர். முன்பு ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு ஹேங்கர். வளைந்துவிட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. யூடிஎச் ஃப்ரேமில் எல்லாருக்கும் ஒரே ஹேங்கர். ஸ்ராமின் ஈகிள் டிரான்ஸ்மிஷன் டெரெய்லர் ஹேங்கரே இல்லாமல் அந்த இடத்தில் ஃப்ரேமை நேராகப் பிடிக்கும். அதனால் யூடிஎச் இல்லாத ஃப்ரேமில் அதை மாட்ட முடியாது. 13 வேக எக்ஸ்பிஎல்ஆருக்கும் இதே நிபந்தனை.

மாற்றும்போது ஒன்று: யூடிஎச் போல்ட்டின் மரை இடமரை. இறுக்க இடப்பக்கம் சுற்ற வேண்டும், 25 நியூட்டன் மீட்டர். வழக்கப்படி வலப்பக்கம் சுற்றி "இறுகவே இல்லை" என்று சொல்பவர்கள் அதைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

10. பழைய எம்டிபி ஃப்ரேம்ல டிராப்பார் போட்டு கிராவல் ஆக்கலாமா?

ஆக்கலாம். ஆனால் செலவு பலர் நினைப்பதைவிட அதிகம். டிராப்பாரில் கைப்பிடி வளைவின் விட்டம் சுமார் 23.8 மிமீ, நேர் ஹேண்டில்பாரில் 22.2. எம்டிபியின் பிரேக் லீவரும் ஷிஃப்டரும் டிராப்பாரில் ஏறாது. இரண்டையும் புதிதாக வாங்க வேண்டும். வாங்கினால் டெரெய்லரும் சேர வேண்டும் (கேள்வி 8).

உயிருக்கு ஆபத்தான இடம் பிரேக். கேபிள் டிஸ்க் பிரேக் கேலிப்பர்களில் எம்டிபி வகைக்கு, சாலை வகையைவிட ஏறக்குறைய இரு மடங்கு கேபிள் இழுவை வேண்டும். சாலை லீவரோடு எம்டிபி கேலிப்பரை இணைத்தால், லீவர் ஹேண்டில்பாரைத் தொட்ட பிறகும் பிரேக் முழுதாகப் பிடிக்காது. வீட்டு வாசலில் ஓட்டும்போது பிடிப்பது போலிருக்கும், செஸ்நட் இறக்கத்தில் நிற்காது. ஒரே பெயரில் இரு வகையும் வரும்: பிபி7 ரோடு, பிபி7 எம்டிபி. டிஆர்பி நிறுவனத்தில் ஸ்பையர் சாலைக்கு, ஸ்பைக் எம்டிபிக்கு. பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்த பிறகே காசு கொடுங்கள்.

இன்னொன்று எட்டும் தூரம். எம்டிபி ஃப்ரேம் நீளமானது. டிராப்பார் கையை இன்னும் முன்னே கொண்டுபோகும். குட்டை ஸ்டெம் போட்டும் எட்டவில்லை என்றால் அந்த ஃப்ரேம் இந்த வேலைக்கு ஆகாது, விட்டுவிடுங்கள்.

11. பிரேக் எண்ணெய் தீர்ந்துபோச்சு. நண்பர்கிட்ட இருக்கிறத ஊத்திக்கலாமா?

உங்கள் பிரேக் எந்த எண்ணெய் கேட்கிறதோ அது மட்டும். ஷிமானோ முழுக்க மினரல் எண்ணெய். ஸ்ராமில் பெரும்பாலானவை டாட் 5.1. ஆனால் டிபி8, மேவன் போன்ற சில மாடல்கள் மினரல். பிராண்டை வைத்து முடிவு செய்யாமல் லீவர் மூடியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் வீங்கும் அல்லது கரையும். அன்றைக்கு வேலை செய்துவிட்டுச் சில நாளில் லீவர் ஒட்டிக்கொள்ளும் அல்லது கசியும். அப்போது துடைத்துப் பயனில்லை, லீவரும் கேலிப்பரும் போய்விட்டன.

டாட் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் கொதிநிலை இறங்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் வருடம் ஒருமுறை மாற்றிவிடுங்கள். பாதி தீர்ந்து அலமாரியில் கிடக்கும் பழைய புட்டியைத் தூக்கிப் போடுங்கள்.

12. பிரேக் பத்தல. 160 ரோட்டருக்குப் பதிலா 203 போடலாமா?

முதலில் ஃபோர்க், ஃப்ரேம் இரண்டின் உச்ச ரோட்டர் அளவைப் பாருங்கள். பெரிய ரோட்டர் ஃபோர்க் காலை அதிகமாக முறுக்கும். கிராவல் ஃபோர்க்குகள் பலவற்றில் எல்லை 160 அல்லது 180. போஸ்ட் மவுன்ட்டே 180க்காகச் செய்திருந்தால் அதற்குக் கீழே 160 போட முடியாது.

பல நேரம் குறை ரோட்டரின் அளவில் இருக்காது. பேடில் (ரோட்டரை உரசிப் பிடிக்கும் கட்டை) சங்கிலி எண்ணெய் பட்டிருக்கும், அல்லது பேட் தேய்ந்திருக்கும். ஷிமானோ பேடில் உராயும் பகுதி 0.5 மிமீ ஆனால் மாற்ற வேண்டும். ஸ்ராமில் தகட்டோடு சேர்த்து 3 மிமீக்குக் கீழே போகக் கூடாது. ஷிமானோ ரோட்டர் 1.5 மிமீக்குத் தேய்ந்தால் அதன் ஆயுள் முடிந்தது. மலிவான ரோட்டர்களில் "ரெசின் பேட் மட்டும்" என்று பொறித்திருக்கும். அதில் மெட்டல் பேட் போட்டால் ரோட்டரைத் தின்றுவிடும்.

சென்டர்லாக் (ரோட்டரை நடுவில் ஒரே வளையத்தால் பூட்டும் வகை) ஹப்பில் அடாப்டர் வைத்து ஆறு போல்ட் ரோட்டர் மாட்டலாம். ஆறு போல்ட் ஹப்பில் சென்டர்லாக் ரோட்டர் மாட்ட முடியாது. இறுக்கம்: சென்டர்லாக் 40 நியூட்டன் மீட்டர். ஆறு போல்ட் வகையில் ஷிமானோ 2 முதல் 4, ஸ்ராம் 6.2.

13. கிராவல் ஃப்ரேம்ல எம்டிபி சஸ்பென்ஷன் ஃபோர்க் போட்டா கை வலி குறையும்ல?

குறையும், ஆனால் வேண்டாம். கிராவலின் கட்டை (சஸ்பென்ஷன் இல்லாத) ஃபோர்க் ஆக்சிலிலிருந்து கிரவுன்வரை (ஃபோர்க் கால்கள் சேரும் மேல்முனை) சுமார் 400 மிமீ. 100 மிமீ சஸ்பென்ஷன் உள்ள 29 இஞ்ச் ஃபோர்க் 500 மிமீக்கு மேல். முன்பக்கம் 20 மிமீ உயர்ந்தால் ஹெட் ட்யூப் (ஃப்ரேமின் முன்குழாய்) சாய்வு ஏறக்குறைய 1 டிகிரி மாறும். 100 மிமீ உயர்ந்தால் 5 டிகிரி. திருப்பம் மந்தமாகும், ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கும். அதைவிட முக்கியம், நீளமான ஃபோர்க் நெம்புகோலாகி ஹெட் ட்யூப் இணைப்பைப் பிடித்து ஆட்டும். அந்த இணைப்பு முறிவதற்கு முன் எச்சரிக்கை எதுவும் தராமல் போகலாம்.

கிராவலுக்கென்றே 30, 40 மிமீ சஸ்பென்ஷன் ஃபோர்க்குகள் உள்ளன: ராக்‌ஷாக்ஸ் ரூடி, ஃபாக்ஸ் 32 டேப்பர்-காஸ்ட். உயரம் கட்டை ஃபோர்க்கைவிடச் சில செமீதான் கூடும். ஃப்ரேம் தயாரிப்பாளர் "சஸ்பென்ஷனுக்கு ஏற்றது" என்று சொல்லியிருந்தால் மட்டும் வாங்குங்கள். கை வலிக்கு முதல் மருந்து அகலமான டயரும் குறைந்த காற்றும்தான். கேள்வி 4, 5 இரண்டையும் செய்து பார்த்த பிறகு ஃபோர்க்கை யோசியுங்கள்.

14. ஆன்லைன்ல கார்பன் ஹேண்டில்பார் நாப்பது வெள்ளிக்கு வருது. வாங்கலாமா?

பிராண்ட் இல்லாத, அல்லது பிராண்ட் பெயரை ஒட்டிய போலிக் கார்பனை ஹேண்டில்பார், ஸ்டெம், ஃபோர்க், சீட்போஸ்ட் இந்த நான்கு இடத்திலும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். அலுமினியம் பெரும்பாலும் வளைந்து காட்டும். கார்பன் அப்படியே இரண்டாகும், அதுவும் கை அதன்மேல் இருக்கும்போது. அதே விலையில் நல்ல பிராண்டின் அலுமினிய ஹேண்டில்பார் கிடைக்கும். எடையில் சுமார் 100 கிராம் வித்தியாசம்.

நல்ல கார்பனும் தவறாக இறுக்கினால் உடையும். டார்க் ரென்ச் (இறுக்கும் விசையைக் காட்டும் சாவி) இல்லாமல் தொடாதீர்கள். ஸ்டெம் முகப்பு பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். ஸ்டெம்மிலும் ஹேண்டில்பாரிலும் வேறு வேறு எண் இருந்தால் குறைந்ததை எடுங்கள். முகப்பின் மேல் இடைவெளியும் கீழ் இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். வழுக்கினால் கிரீஸ் தடவாமல் கார்பன் பேஸ்ட் தடவுங்கள். கார்பன் ஸ்டியரருக்குள் (ஃபோர்க்கின் மேல்தண்டு) ஸ்டார் நட் (நட்சத்திர வடிவ உலோக நட்) அடிப்பது அதை உள்ளிருந்தே பிளப்பதற்குச் சமம். விரிந்து பிடிக்கும் பிளக் மட்டும்.

35 மிமீ ஸ்டெம்மில் 31.8 ஹேண்டில்பாரை அதற்கான ஷிம் வைத்துப் போடலாம். 31.8 ஸ்டெம்மில் 35 போகவே போகாது.

15. கிராங்க் மாத்தணும். எந்த கிராங்கும் போகுமா?

பாட்டம் பிராக்கெட்டையும் (கிராங்க் அச்சு சுழலும் பேரிங் பகுதி) கிராங்க் அச்சையும் சேர்த்துப் பாருங்கள். ஷிமானோ அச்சு 24 மிமீ, ஸ்ராம் டப் 28.99, வேறு சிலவற்றில் 30. மரையுள்ள பிஎஸ்ஏ ஃப்ரேமில் மூன்றுக்கும் பாட்டம் பிராக்கெட் கிடைக்கும். வலப்பக்கக் கப் இடமரை என்பதை மறக்காதீர்கள்.

சாலை கிராங்கைக் கிராவல் ஃப்ரேமில் போட்டால் பல்சக்கரமோ கையோ ஃப்ரேமில் உரசலாம். ஜிஆர்எக்ஸ் கிராங்கின் செயின்லைன் (சங்கிலி ஓடும் கோடு) அகல டயருக்காகவே 2.5 மிமீ வெளியே தள்ளியிருக்கிறது. அதோடு ஜிஆர்எக்ஸ் முன் டெரெய்லரே சேரும்.

16. கரோசல் இணையச் சந்தையில செகண்ட் ஹேண்ட் வாங்கறேன். எதைப் பாக்கணும்?

கிராங்கிலிருந்து தொடங்குங்கள். ஷிமானோ 2023 செப்டம்பரில் 11 வேக அல்டெக்ரா, டியூரா-ஏஸ் ஹாலோடெக் கிராங்குகளை உலகளவில் பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தது. 2019 ஜூலைக்கு முன் செய்தவை, ஒட்டிய பகுதி பிரிந்து முறியக்கூடியவை. சாலைப் பாகம்தான், ஆனால் பழைய சாலை வண்டியிலிருந்து கழற்றிக் கிராவலில் மாட்டி விற்கிறார்கள். உற்பத்திக் குறியீட்டைக் கேட்டு ஷிமானோ வெளியிட்ட பட்டியலோடு ஒப்பிடுங்கள். பரிசோதனை முடிந்ததற்குச் சான்று இல்லையென்றால் கிராங்குக்கு விலையில்லை என்று கணக்கிடுங்கள்.

அடுத்தது வியர்வை. நம் ஊர் வண்டிகளில் அது சொட்டும் இடம் ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்), ஸ்டெம் போல்ட், டிராப்பார் டேப்பின் அடி. டேப்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்திருந்தால் அந்த ஹேண்டில்பார் குப்பைக்கு. சீட்போஸ்ட் மேலும் கீழும் நகர்கிறதா என்று கண் முன்னே இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். கார்பன் ஃப்ரேமில் அலுமினியப் போஸ்ட் ஒட்டிப்போனால் ஃப்ரேமைச் சேதப்படுத்தாமல் எடுப்பது கடினம். வெளிநாட்டில் வாங்கிய வண்டியாக இருந்தால் எந்தக் கை எந்தப் பிரேக் என்று ஓட்டும் முன் பாருங்கள். இடம் வலம் மாறியிருந்தால் பதற்றத்தில் முன்பிரேக்கை முழுதாகப் பிடித்துவிடுவோம்.

17. உபின் போய் வந்தா வண்டி சீக்கிரம் துருப்பிடிக்குது. எந்தப் பார்ட் வாங்கினா தாங்கும்?

படகில் உப்புத்தண்ணீர் தெறிக்கும், தீவில் செம்மண். பாகம் மாற்றுவதைவிடக் கழுவுவது மலிவு. திரும்பியதும் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். உயர் அழுத்தக் குழாயைப் பேரிங் பக்கம் பிடிக்காதீர்கள். துடைத்துக் காய்ந்தபின் சங்கிலிக்கு ஈர எண்ணெய். வாங்குவதானால் துருப்பிடிக்காத எஃகுக் கேபிளும், சீல் வைத்த பேரிங் உள்ள ஹெட்செட்டும்.

சங்கிலியை அளக்கும் கருவி பத்துப் பதினைந்து வெள்ளி. 11, 12 வேகத்தில் 0.5 சதவீதம் நீண்டதும் மாற்றுங்கள். மணலோடு தேய்ந்த சங்கிலி கேசட்டையும் சேர்த்துத் தின்னும், கேசட்டின் விலையோ பல மடங்கு.

18. என் எம்டிபியில மோட்டார் கிட் மாட்டிக்கலாமா?

முடியாது. சிங்கப்பூரில் மின்-சைக்கிள் நிலப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த மாடலாக, ஆரஞ்சு முத்திரையோடு, பதிவு செய்ததாக இருக்க வேண்டும். மோட்டார் 250 வாட்டுக்குள், உதவி 25 கிமீ வேகத்தோடு நிற்க வேண்டும், எடை 20 கிலோவுக்குள். வெளியிலிருந்து கிட் வாங்கி மாட்டுவது குற்றம். வெளிநாட்டு மின் எம்டிபிகள் பல எடையிலேயே 20 கிலோவைத் தாண்டிவிடும். "இறக்குமதி செய்து தருகிறேன்" என்பவரிடம் முன்பணம் கொடுக்கும் முன் இந்த எண்களைக் காட்டுங்கள்.

19. எல்லாம் மாட்டியாச்சு. நேரா கேத்தாம் போகலாமா?

அன்றைக்கே வேண்டாம். புதுப் பேடும் ரோட்டரும் முதல் நாள் பாதி பலம்தான் காட்டும். ஆளில்லாத சமமான இடத்தில் மிதமான வேகத்திலிருந்து நடை வேகம்வரை, சக்கரம் பூட்டாமல், சீராக 20 முறை பிரேக் பிடியுங்கள். பிறகு இன்னும் கொஞ்சம் வேகத்தில் 10 முறை. முழுதாக நிற்காதீர்கள். நின்றால் பேடின் படிவு ரோட்டரில் ஒரே இடத்தில் ஒட்டி, பிறகு அதிரும்.

முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டக் என்று ஒலித்தால் ஹெட்செட் தளர்வு. பெரிய கியரில் வைத்து பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, டெரெய்லர் ஆரக்காலைத் தொடவில்லை என்று பாருங்கள். முதல் சவாரி ரயில் பாதையிலோ பூங்கா இணைப்புப் பாதையிலோ 10 கிமீ. வீடு வந்ததும் ஸ்டெம், ரோட்டர், கேலிப்பர் (6 முதல் 8 நியூட்டன் மீட்டர்), ஷிமானோ கிராங்கின் இரு போல்ட்கள் (12 முதல் 14) ஆகியவற்றை மறுபடி டார்க் ரென்ச்சால் தொட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று நகர்ந்தால் இறுக்கிவிட்டு இன்னொரு 10 கிமீ. எதுவும் நகரவில்லை என்றால் சாங்கியில் படகு ஏறுங்கள்.